கணினித் திரை ஏன் திக்குகிறது? வரைகலை அட்டையின் வரலாறு கூறும் பாடம்



"விளையாட்டு திக்கித் திக்கி ஓடுகிறது; புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்கித் தாருங்கள்" என்று கேட்கும் பிள்ளைகள் இன்று நம் வீடுகளில் பலர் உளர். நல்லதோர் அட்டையின் விலை ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது இயல்பு. பெற்றோரும் கடன் அட்டையைத் தேய்த்தோ, ஆண்டிறுதி ஊக்கத்தொகைக்குக் காத்திருந்தோ வாங்கித் தருகின்றனர். ஆனால், புதிய அட்டையைப் பொருத்திய பின்னரும் திக்கல் தீராத கணினிகள் பல உள்ளன. விளம்பரத்தில் கண்ட எண்ணிக்கை திரையின் மூலையில் சரியாகவே தெரிகிறது. காட்சி மட்டும் இடறி இடறி ஓடுகிறது.

இஃது ஏன்? இக்கேள்விக்கு விடைகாண, வரைகலை அட்டை என்னும் கருவி கடந்து வந்த 40 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் நலம். கணினி வல்லுநர்களே பல்லாண்டுகள் தவறான எண்ணை அளந்து கொண்டிருந்தனர் என்பதும், அளக்கும் முறையை மாற்றிய பிறகே நோய் இன்னதென்று புலப்பட்டது என்பதும் அவ்வரலாற்றின் சாரம்.

எழுத்துக்காகப் பிறந்த அட்டை

1981 ஆகஸ்டு மாதம் ஐபிஎம் நிறுவனம் தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது, அதற்கு இருவகைக் காட்சி அட்டைகள் கிடைத்தன. ஒன்று, எழுத்துகளை மட்டும் ஒற்றை நிறத்தில் தெளிவாகக் காட்டுவது. மற்றொன்று, வண்ணப் படங்களைக் காட்ட வல்லது. ஆயினும் 320க்கு 200 புள்ளிகளில் நான்கே வண்ணங்கள்தாம். முதல் அட்டையில் 256 எழுத்து வடிவங்கள் நிலையாகப் பதிக்கப்பட்டிருந்தன. ஒரு வரிக்கு 80 எழுத்துகள், 25 வரிகள் என்று திரை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அக்கட்டங்களுக்குள் ஆங்கில எழுத்து அழகாக அமர்ந்தது. மேலும் கீழும் குறிகள் ஏறும் ஆசிய எழுத்துகளுக்கோ அங்கே இடமில்லை.

அக்காலத்தில் வான் சுவன்னுகுல் என்பார் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் கணினியில் எழுத விரும்பினார். இருந்த அட்டைகள் அதற்கு உதவாமையால் தாமே ஓர் அட்டையை வடிவமைத்தார். 1982இல் வெளிவந்த அதுவே ஹெர்குலிஸ் வரைகலை அட்டை. திரை முழுவதையும் 720க்கு 348 புள்ளிகளாகப் பிரித்து, எந்தப் புள்ளியையும் தனித்தனியே ஒளிரச் செய்ய அது வழிவகுத்தது. தாய்லாந்து எழுத்து, கெமர் எழுத்தின் வழியே நம் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்தது என்பர் அறிஞர். நம் எழுத்தின் உறவு ஒன்று, உலகம் முழுவதும் விற்பனையான ஒரு வரைகலை அட்டை பிறக்கக் காரணமாயிற்று என்பது நாம் மகிழ வேண்டிய செய்தி.

தமிழுக்கும் இதே சிக்கல் இருந்தது. மெய்யெழுத்துக்கு முன்னே கொம்பும் பின்னே காலும் நிற்கும் நம் எழுத்தை, ஆங்கிலத்துக்கென்று செய்த கட்டங்களுக்குள் அடைக்க இயலாது. 1980களில் நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் அவர்கள் முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கிய காலத்தில், தமிழைக் கணினித் திரையில் காண்பதே ஒரு சாதனையாக இருந்தது.

இதற்கு ஒரு விலையும் இருந்தது. எழுத்து மட்டும் காட்டும் திரைக்கு 4,000 பைட்டுகள் போதும். அதே திரையைப் புள்ளிகளால் நிரப்ப ஏறத்தாழ 31,000 பைட்டுகள் வேண்டும். அக்காலச் செயலிக்கு அஃது ஏழெட்டு மடங்கு சுமை. ஆகவே, திரை தயங்கித் தயங்கி நகர்ந்தது. திக்கல் என்பது விளையாட்டுகளோடு வந்த நோயன்று. எழுத்தைப் படமாக வரையத் தொடங்கிய நாள்முதல் நம்முடன் இருப்பது.

வேகத்தைவிடச் சீர் முதன்மை

1980களில் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகள் காட்சியை வழுவழுவென நகர்த்தின. அவற்றில் அதற்கென்றே தனிச் சில்லு இருந்தது. சொந்தக் கணினியிலோ எல்லாவற்றையும் செயலியே வரையவேண்டும். கணினியில் அத்தகைய விளையாட்டு இயலாது என்றே பலர் கருதினர்.

அக்கருத்தை மாற்றியவர் ஜான் கார்மாக் என்னும் அமெரிக்க இளைஞர். காட்சி நகரும்போது திரை முழுவதையும் மீண்டும் வரையாமல், மாறிய கட்டங்களை மட்டும் வரையும் வழியை அவர் கண்டார். 1990 டிசம்பரில் வெளிவந்த 'கமாண்டர் கீன்' என்னும் விளையாட்டு அவ்வழியில் அமைந்தது. புதிய அட்டை எதுவும் வாங்காமலே, இருந்த அட்டையில் காட்சி சீராக ஓடியது.

1993 டிசம்பரில் அவருடைய குழுவினர் வெளியிட்ட 'டூம்' இன்னும் சிறந்த சான்று. அக்காலத்து விஜிஏ திரை, அந்த விளையாட்டு பயன்படுத்திய முறையில் நொடிக்கு 70 முறை புதுப்பிக்கப்பட்டது. டூம் விளையாட்டோ நொடிக்கு 35 படங்களுக்குமேல் வரையாதவாறு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 35 என்பது 70இன் சரிபாதி. எனவே, போதிய வேகமுள்ள கணினியில் ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு முறை திரையில் தோன்றியது. எண்ணிக்கை சிறிதாயினும் நடை சீராக இருந்தது.

இதனைப் பேருந்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். இன்று பரவலாக உள்ள திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. லார்க்கின் நிலையத்திலிருந்து குறித்த நேரத்துக்கு ஒரு பேருந்து புறப்படுவதுபோல், 16.7 மில்லிநொடிக்கு ஒரு முறை திரை ஒரு படத்தை ஏற்றிக்கொண்டு போகிறது. படம் 17 மில்லிநொடியில் ஆயத்தமானால் பேருந்து புறப்பட்டுவிட்டது. அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இதனால் ஒரு படம் ஒரு தடவையும் அடுத்தது இரு தடவையுமாகத் தோன்றும். அந்த ஒழுங்கின்மையையே நம் கண் 'திக்கல்' என்று உணர்கிறது. நொடிக்கு 45 படங்கள் என்ற உயர்ந்த எண்ணைவிட, நொடிக்கு 30 என்ற சீரான எண் கண்ணுக்கு இதமாக இருப்பதன் காரணம் இதுவே.

எண்களின் பந்தயம்

1996இல் த்ரீடிஎஃப்எக்ஸ் என்னும் நிறுவனம் வூடூ என்ற அட்டையை வெளியிட்டது. முப்பரிமாணக் காட்சிகளை வரைவதற்கென்றே அமைந்த அவ்வட்டையில் 4 மெகாபைட் நினைவகம் இருந்தது. சாதாரணக் காட்சி அட்டையிலிருந்து ஒரு கம்பிவடத்தை எடுத்து இதில் செருகி, இதிலிருந்து திரைக்கு இன்னொன்றை இழுக்கவேண்டும். 1993இல் தோன்றிய என்விடியா நிறுவனம், 1999இல் ஜிபோர்ஸ் 256 என்னும் அட்டையை உலகின் முதல் வரைகலைச் செயலி என்று விளம்பரப்படுத்தியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் த்ரீடிஎஃப்எக்ஸின் உடைமைகளை என்விடியா வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. மற்றொரு பெரிய நிறுவனமான ஏடிஐயை 2006இல் ஏஎம்டி வாங்கியது.

இவ்வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. பினாங்கின் பாயான் லெப்பாஸ் பகுதியில் இன்டெல், ஏஎம்டி ஆகிய இரு நிறுவனங்களும் 1972ஆம் ஆண்டிலேயே சில்லுகளைப் பொருத்திச் சோதிக்கும் ஆலைகளைத் தொடங்கின. உலகெங்கும் விற்ற செயலிகள் பலவற்றின் மேல் 'மலேசியா' என்று பொறிக்கப்பட்டிருப்பதை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

2000ஆம் ஆண்டுகளில் ஜொகூர் பாருவின் இணைய மையங்களில் இளைஞர்கள் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அட்டைகளை மதிப்பிட ஒரே எண்தான் பேசப்பட்டது: நொடிக்கு எத்தனை படங்கள்? இதழ்களும் இணையத்தளங்களும் ஒரு விளையாட்டைச் சில நிமிடம் ஓட்டி, மொத்தப் படங்களை நொடிகளால் வகுத்து, சராசரியைப் பட்டையாக வரைந்தன. நீண்ட பட்டை உடையதே நல்ல அட்டை. நிறுவனங்களும் அப்பட்டையை நீட்டவே உழைத்தன.

சராசரி மறைத்த திக்கல்

2004இல் என்விடியாவும் அடுத்த ஆண்டு ஏடிஐயும், ஒரே கணினியில் இரண்டு அட்டைகளைப் பூட்டும் முறையைக் கொண்டுவந்தன. முதல் படத்தை ஓர் அட்டையும் இரண்டாவதை மற்றதும் மாறி மாறி வரையும். சராசரி மளமளவென உயர்ந்தது. ஆனால், இரு மடங்கு பணம் கொடுத்து வாங்கியவர்களில் பலர், காட்சி நுண்ணிய அளவில் நடுங்குவதாகக் குறைகூறினர். பட்டை நீளமாகத்தானே இருக்கிறது, பின் என்ன குறை என்று அவர்களிடம் திருப்பிக் கேட்கப்பட்டது.

2011 செப்டம்பரில் 'டெக் ரிப்போர்ட்' என்னும் இணையத்தளத்தில் ஸ்காட் வாசன் என்பவர் எழுதிய கட்டுரை இந்நிலையை மாற்றியது. ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது என்று அவர் பார்த்தார். மொத்தப் படங்களை எண்ணாமல், ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லிநொடி ஆயிற்று என்று தனித்தனியே பதிவு செய்தார்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு நொடியில் 60 படங்கள் வந்தன எனக் கொள்வோம். அவற்றுள் 59 படங்கள் ஒவ்வொன்றும் 10 மில்லிநொடியில் வந்தன. ஆக 590 மில்லிநொடி. மீதமுள்ள ஒரே படம் 410 மில்லிநொடி எடுத்துக்கொண்டது. மொத்தம் சரியாக 1,000 மில்லிநொடி, அதாவது ஒரு நொடி. 'நொடிக்கு 60 படங்கள்' என்று கணினி பெருமையுடன் காட்டும். ஆயினும், ஆடுபவர் ஏறத்தாழ அரை நொடி உறைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சராசரியில் பொய்யில்லை, அது கேட்ட கேள்விதான் வேறு.

வாசனின் முறையில், எல்லாப் படங்களின் நேரங்களையும் வரிசைப்படுத்தி, நூற்றில் 99 படங்கள் எந்த நேரத்துக்குள் வந்துவிடுகின்றன என்று பார்க்கவேண்டும். எஞ்சிய அந்த ஒரு விழுக்காட்டில்தான் திக்கல் ஒளிந்திருக்கிறது. இன்று மதிப்பீட்டாளர்கள் 'ஒரு விழுக்காட்டுத் தாழ்வு' என்று குறிப்பிடும் எண் இவ்வழியில் வந்ததே.

விளைவு விரைவில் தெரிந்தது. 2013இல் என்விடியா, திரைக்கு வந்து சேரும் படங்களைத் தனித்தனியே அளக்கும் கருவியை வெளியிட்டது. அதே ஆண்டு ஏஎம்டி, இரட்டை அட்டைகளின் படங்களைச் சீரான இடைவெளியில் வெளிவிடும் வகையில் தன் இயக்கி மென்பொருளைத் திருத்தியது. திருத்தப்பட்டது மென்பொருள் மட்டுமே. பயனர்கள் பல்லாண்டுகள் கூறிய குறை, அளக்கப்பட்ட பிறகே திருத்தப்பட்டது என்பதை நாம் கருத்தில் கொள்ளவேண்டும்.

அதே 2013இல் என்விடியா, படம் ஆயத்தமாகும்வரை திரையே காத்திருக்கும் ஜி-சிங்க் முறையை அறிவித்தது. 2015இல் ஏஎம்டியின் ஃப்ரீசிங்க் திரைகள் வந்தன. பேருந்து கால அட்டவணையை விட்டு, பயணி ஏறியதும் புறப்படத் தொடங்கியது எனலாம்.

இன்றைய திக்கல்களைக் கண்டறியும் வழி

வரலாறு நமக்குக் கையில் தரும் வழிமுறை இதுதான்: 'வேகம் போதுமா?' என்று கேட்பதற்குமுன், 'எப்போது திக்குகிறது?' என்று கேட்கவேண்டும். ரொட்டி சானாய் கடையில் ஒருவர் மாவைப் பிசைந்து தருகிறார். மற்றொருவர் வீசிச் சுடுகிறார். மாவு வரத் தாமதமானால், எத்துணைத் திறமையான சுடுபவரை அமர்த்தினாலும் ரொட்டி நேரத்துக்கு வாராது. கணினியில் செயலியும் நினைவகமும் வட்டும் மாவு பிசைபவர்கள். வரைகலை அட்டை சுடுபவர்.

தொடக்கம் முதலே எல்லாம் மந்தமாக இருந்தால், முதலில் கணினியின் பின்புறத்தைப் பாருங்கள். திரையின் கம்பிவடம் வரைகலை அட்டையில் செருகப்படாமல், மேலேயுள்ள தாய்ப்பலகையின் துளையில் செருகப்பட்டிருப்பது பல வீடுகளில் நடக்கும் பிழை. மடிக்கணினியாயின், மின்னிணைப்பு இல்லாமல் மின்கலத்தில் ஓடும்போது அட்டை தன் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸ் அமைப்புகளில் திரையின் புதுப்பிப்பு எண்ணையும் சரிபார்க்க வேண்டும். 144 முறை புதுப்பிக்கவல்ல திரை 60இலேயே நின்றுகொண்டிருக்கக்கூடும்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பின்னர் திக்கினால் வெப்பத்தை ஐயுறலாம். அளவுமீறிச் சூடான அட்டை தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நம் ஜொகூரின் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து, தூசியைப் பிசின்போல விசிறிகளில் ஒட்டவைக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்து, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, உலர்ந்த தூரிகையால் துடைத்தாலே பல கணினிகள் தேறிவிடும்.

புதிய பகைவனோ புதிய இடமோ முதன்முறை தோன்றும்போது மட்டும் திக்கி, அடுத்த முறை திக்காவிட்டால் குறை உங்கள் கணினியில் இல்லை. ஒளியையும் நிழலையும் வரைவதற்கான சிறுநிரல்களை, ஒவ்வொரு கணினியும் தன் அட்டைக்கேற்ப மொழிபெயர்த்துக்கொள்ள வேண்டும். 2015இல் டைரக்ட்எக்ஸ் 12 வந்த பிறகு, இவ்வேலையை முன்கூட்டியே திட்டமிடும் பொறுப்பு பெரும்பாலும் விளையாட்டை எழுதுவோரைச் சேர்ந்தது. அவர்கள் அதனைச் செய்யாதபோது, ஆட்டத்தின் நடுவே மொழிபெயர்ப்பு நடந்து திரை உறைகிறது. 'சிறுநிரல்களை ஆயத்தம் செய்கிறது' என்று தொடக்கத்தில் அறிவிப்பு வந்தால், அவசரப்பட்டு அதனைத் தவிர்க்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

கூட்டம் மிகுந்த இடத்தில் திரும்பும்போது திக்கினால், நினைவகத்தைப் பார்க்க வேண்டும். அட்டையின் சொந்த நினைவகம் நிரம்பினால், பரப்புச் சித்திரங்கள் கணினியின் பொது நினைவகத்திலிருந்து மெல்ல வந்து சேரவேண்டியிருக்கும். விளையாட்டின் அமைப்பில் சித்திரத் தரத்தை ஒரு படி இறக்கினால் செலவின்றியே தீரும். பொது நினைவகம் ஒரே பலகையாக இருந்தால், இரண்டாகப் பிரித்துப் பொருத்துவதும், பழைய சுழல்வட்டிலிருந்து விளையாட்டை எஸ்எஸ்டி வட்டுக்கு மாற்றுவதும் நல்ல பயன் தரும். மற்ற ஆட்டக்காரர்கள் மட்டும் முன்னும் பின்னும் துள்ளினால், அஃது இணையத் தொடர்பின் குறை. எந்த அட்டையும் அதனைத் தீர்க்காது.

காரணம் புலப்படாவிட்டால், இன்டெல் நிறுவனம் இலவசமாக அளிக்கும் பிரசன்ட்மான் போன்ற கருவியால் ஒவ்வொரு படத்தின் நேரத்தையும் கோடாக வரைந்து பார்க்கலாம். கோடு சமமாக இருந்தால் நலம். திடீரென முள்போல் எழும் இடமே திக்கல். இறுதியாக, டூம் காட்டிய வழியும் உண்டு. 45க்கும் 60க்கும் இடையே அலையும் விளையாட்டை, கணினி எப்போதும் எட்டக்கூடிய சீரான எண்ணுக்குக் கட்டுப்படுத்திவிடலாம். 60 முறை புதுப்பிக்கும் திரைக்கு 30 பொருந்தும்.

கூலாய்க்கு வந்த அட்டைகள்

இவ்வளவும் பார்த்த பின்னரே பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். ஏனெனில், அட்டைகள் மலிவாகும் என்று எளிதில் எதிர்பார்க்க இயலாது. நோய்த்தொற்றுக் காலத்தில், மின்னாணயம் தோண்டுவோர் அட்டைகளை மொத்தமாக வாங்கியதால் விலை கடுமையாக ஏறியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் அம்முறையைக் கைவிட்ட பிறகு, அந்த நெருக்கடி தணிந்தது. பின்னர் செயற்கை நுண்ணறிவு வந்தது. 2023 டிசம்பரில் ஒய்டிஎல் பவர் நிறுவனமும் என்விடியாவும், நம் ஜொகூரின் கூலாயில் உள்ள தரவு மையப் பூங்காவில் செயற்கை நுண்ணறிவுக் கட்டமைப்பை நிறுவுவதாக அறிவித்தன. 20 பில்லியன் ரிங்கிட் அளவிலான திட்டம் அது. விளையாட்டுக்கென்று வளர்ந்த தொழில்நுட்பம், இன்று நம் மாநிலத்திலேயே வேறு பணிக்காகப் பெருங்கூடங்களில் அடுக்கப்படுகிறது. இத்தேவையால் 2025இன் பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலையும் உயர்ந்தது. எனவே, கையிலுள்ள கணினியைப் பழுதறிந்து சீராக்கும் திறன், ஒரு குடும்பத்துக்கு உண்மையான சேமிப்பு.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாற்றில் இன்னொரு செய்தியும் உண்டு. 20 மாணவர் கொண்ட வகுப்பில் 18 பேர் 80 புள்ளியும், இருவர் 10 புள்ளியும் பெற்றால், வகுப்புச் சராசரி 73. அறிக்கையில் அது நல்ல எண். அந்த இருவரும் வாசிக்க இயலாமல் திக்கிக்கொண்டிருப்பது அவ்வெண்ணில் தெரியாது. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் நீக்கப்பட்டு, வகுப்பறை மதிப்பீட்டில் ஒவ்வொரு மாணவரின் அடைவுநிலையையும் தனித்தனியே குறிக்கும் முறைக்கு நாம் பழகிவருகிறோம். அவ்வேலை சுமையாகத் தோன்றும் நாள்களும் உண்டு. ஆனால், எந்தப் பிள்ளை எந்த எழுத்தில், எந்தக் கணக்கில் நின்றுபோகிறது என்று அறிய வேறு வழியில்லை.

பெற்றோர்களே, அடுத்த முறை உங்கள் பிள்ளை புதிய அட்டை கேட்கும்போது, உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே வாங்கவும் வேண்டாம். "எப்போது திக்குகிறது என்று ஒரு வாரம் குறித்து வை, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். ஒரு தாளில் நேரம், இடம், நிகழ்ந்தது என்று மூன்று பத்திகள் போதும். அறிவியல் பாடத்தில் நாம் கற்பிக்கும் உற்றறிதலும் பதிவு செய்தலும் அதில் அடங்கும். வாரத்தின் முடிவில் அட்டைதான் குறை என்று தெரிந்தால், மனநிறைவோடு வாங்கலாம். பிற காரணமாயின், உங்கள் ரிங்கிட் உங்களிடமே இருக்கும்.